மார்த்தாளின் முறை எப்போது மாறும்?



அசிசி நகரத்துப் பிரான்சிஸ் மரித்து இந்த அக்டோபரில் எண்ணூறு ஆண்டுகள் நிறைவடைகின்றன. 1226ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் மாலையில், பொர்சியுங்குலா என்னும் சிற்றாலயத்தின் அருகே அவர் மரித்தார். மரணம் நெருங்கியபோது தம்மை வெறுந்தரையில் கிடத்தும்படி சகோதரர்களைக் கேட்டுக்கொண்டார். அந்நாளை முன்னிட்டு நம் சபையில் மூன்று மாலை உரைகளும், அவற்றைத் தொடர்ந்து இரண்டு நாள் தியான முகாமும் நடத்துவதென்று சபைக் கமிட்டி தீர்மானித்திருக்கிறது. நாள்களும் தலைப்புகளும் அறிவிப்புப் பலகையில் உள்ளன. அப்பலகையில் இடம்பெறாத ஒரு காரியத்தைக் குறித்தே இந்த வாரம் எழுத விரும்புகிறேன். முகாமின் இரண்டு நாள்களிலும் அடுப்படியில் நிற்கப்போகிறவர்கள் யார்?

ஆயர் சமையல் ஏற்பாட்டைக் குறித்தெல்லாம் எழுதத் தொடங்கிவிட்டாரே என்று சிலர் எண்ணக்கூடும். பிரான்சிஸைப் பொறுத்தவரை இது இறையியல் கேள்வி என்றே நான் கருதுகிறேன். அதற்கான காரணத்துக்கு வருமுன் வேறு சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, நம் மூத்த சபையார் ஒருவர் மரியாதையோடு எழுப்பிய ஐயம். ரோமன் கத்தோலிக்கப் புனிதர் ஒருவரைப் பற்றி நம் ஆலயத்தில் மூன்று மாலைகள் பேச வேண்டுமா என்று கேட்டார். லூத்தர் தம் தொண்ணூற்றைந்து கருத்துரைகளை வெளியிட்ட ஆண்டு 1517. பிரான்சிஸ் அதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே மரித்துவிட்டார். பிளவுக்கு முந்திய மேலைத் திருச்சபையின் முற்பிதாக்கள் நமக்கும் முற்பிதாக்களே. மேலும், பிரான்சிஸின் வரலாற்றை நவீன உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் பால் சபாத்தியே என்னும் பிரெஞ்சு புரொட்டஸ்டண்ட் போதகர் ஆவார். பழைய கையெழுத்துச் சுவடிகளைத் தேடிப் படித்து அவர் எழுதிய வரலாறு 1893ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. மறு ஆண்டே ரோமாபுரி அந்நூலைத் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. சபாத்தியே சோர்ந்துபோகவில்லை. 1902இல் அசிசி நகரிலேயே பிரான்சிஸ்கன் ஆய்வுகளுக்கான ஒரு சர்வதேசக் கழகம் தோன்றக் காரணமாயிருந்தார். கத்தோலிக்கப் புனிதரின் வரலாற்றைப் பிறருக்கு எடுத்துரைக்கும் பணியில் நம் வழிவந்த ஒரு போதகர் முன்னோடியாக நின்றிருக்கிறார் என்பதை ஐயம் எழுப்பிய பெரியவரிடம் சொன்னேன். முதல் உரைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நம் மண்ணோடும் இதற்குத் தொடர்பு உண்டு. மோந்தெகொர்வீனோ யோவான் என்னும் பிரான்சிஸ்கன் துறவி சீனத்துக்குப் போகும் வழியில், 1291ஆம் ஆண்டையொட்டி, அப்போஸ்தலனாகிய தோமாவின் ஆலயம் இருந்த நாட்டில் பதின்மூன்று மாதங்கள் தங்கினார். அங்கே பல இடங்களிலும் ஏறத்தாழ நூறு பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகவும், தம் பயணத் துணைவரான பிஸ்தோயா நிக்கோலாஸ் அங்கே மரித்து அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டதாகவும் 1305இல் சீனத்திலிருந்து எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். அந்த ஆலயம் மயிலாப்பூரில் இருந்தது என்பதே பொதுவாகக் கொள்ளப்படும் முடிவு. சீகன்பால்கு ஐயர் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்குவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே, அசிசியின் பழுப்பு அங்கி நம் கடற்கரை மணலில் நடந்திருக்கிறது.

இரண்டாவது, உரைகளில் எந்தப் பிரான்சிஸை நாம் சந்திக்கப்போகிறோம் என்பது. பறவைகளுக்குப் பிரசங்கித்தவரை எல்லோரும் அறிவோம். தோட்டங்களில் தோளில் புறாவோடு நிற்கும் சிலையாகவும், அக்டோபர் மாதத்தில் செல்லப்பிராணிகளை ஆசீர்வதிக்கும் ஆராதனைகளின் நாயகராகவும் அவர் மேல்நாட்டுச் சபைகளில் வலம்வருகிறார். பறவைகளின் கதையை நான் குறைத்துப் பேசவில்லை. அவர் மரித்துச் சில ஆண்டுகளுக்குள் செலானோ தோமா எழுதிய முதல் வரலாற்றிலேயே அது இடம்பெற்றிருக்கிறது. ஆயினும் பிரான்சிஸ் தம் கதையைத் தாமே சொன்னபோது பறவைகளிடத்தில் தொடங்கவில்லை. மரணத்துக்கு முன் அவர் விட்டுச்சென்ற மரணசாசனம் தொழுநோயாளரிடத்தில் தொடங்குகிறது. பாவத்தில் இருந்த காலத்தில் அவர்களைப் பார்ப்பதே தமக்குக் கசப்பாயிருந்தது என்றும், கர்த்தரே தம்மை அவர்களிடம் அழைத்துச்சென்றார் என்றும், அவர்களுக்கு இரக்கம் செய்து திரும்பியபோது அந்தக் கசப்பு இனிமையாக மாறியிருந்தது என்றும் அவர் சாட்சி கூறுகிறார்.

அசிசி ஒரு மலைச்சரிவு நகரம். தொழுநோயாளர் இருந்த இடமோ மதிலுக்கு வெளியே, கீழே சமவெளியில். பிரான்சிஸின் தந்தை பியெத்ரோ தி பெர்னார்தோனே செழிப்பான துணி வணிகர். மகனுக்கோ வீரனாக வேண்டும் என்ற ஆசை. 1202இல் பெருஜியா நகரத்தோடு நடந்த போரில் சிறைப்பட்டு ஏறத்தாழ ஓராண்டு அடைபட்டுக் கிடந்தார். மீண்டு வந்தும் குதிரை, கவசம் ஆகியவற்றின்மேல் இருந்த நாட்டம் விடவில்லை. அந்த மனிதரைச் சமவெளிக்கு இறங்கிவரச் செய்து, அழுகும் கைகளைப் பற்றவைத்ததே அவருடைய மனந்திரும்புதல். சான் தமியானோ சிலுவையின் குரலும், ஆயர் குய்தோவின் முன்னிலையில் தந்தையின் ஆடைகளைக் களைந்து கொடுத்ததும் அதன்பின் வருகின்றன. உரையாற்ற வருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொண்டிருப்பது இது ஒன்றுதான்: தொழுநோயாளரிடத்திலிருந்து தொடங்குங்கள்; பறவைகள் தாமாக வந்துசேரும்.

இன்னொன்றையும் கேட்டுக்கொண்டேன். மெய்யானதைச் சொல்லுங்கள். பிரான்சிஸின் சமாதான ஜெபம் என்று சுவர்க் காலண்டர்களிலும் ஆராதனைத் தாள்களிலும் அச்சிடப்படும் ஜெபம் அவர் எழுதியதன்று. 1912இல் பாரிஸ் நகரத்தில் வெளிவந்த லா க்ளோஷெட் என்னும் சிறு பத்திரிகையில்தான் அது முதன்முதலாக, எழுதியவரின் பெயரில்லாமல், அச்சில் வந்தது. தேவைப்பட்டால் மாத்திரம் சொற்களைப் பயன்படுத்திப் பிரசங்கிக்க வேண்டும் என்று அவர் சொன்னதாக மேடைதோறும் முழங்கும் வாசகமும் அவருடைய எழுத்துகளில் இல்லை. அந்த ஜெபத்தை இனிப் பாடவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்; நல்ல ஜெபம் அது. எழுதாததை எழுதியதாகச் சொல்லி ஒருவரைக் கனப்படுத்த முடியாது என்பது மட்டுமே என் வாதம்.

சமாதானத்தைக் குறித்து அவர் மெய்யாகவே செய்தது இன்னும் பெரியது. அவருடைய கடைசிக் காலத்தில் அசிசியின் ஆயரும் நகரத் தலைவரும் பகைத்துக்கொண்டார்கள். ஆயர் தலைவரைச் சபைக்குப் புறம்பாக்கினார். தலைவரோ ஆயரோடு ஒருவரும் கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ளலாகாது என்று பறைசாற்றினார். பிரான்சிஸ் அப்போது நோயாளி. கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டது. சூரியனையும் நிலவையும் தண்ணீரையும் நெருப்பையும் சகோதர சகோதரிகளாக அழைத்துத் தம் தாய்மொழியில் அவர் முன்பே இயற்றியிருந்த துதிப்பாட்டில், மன்னிக்கிறவர்களைப் பற்றி ஒரு பகுதியைச் சேர்த்தார். இருவரையும் ஆயரின் முற்றத்துக்கு வரவழைத்து, அவர்கள் முன்பாக அதைப் பாடும்படி தம் சகோதரர்களை அனுப்பினார். கேட்டவர்கள் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள் என்று அவருடைய தோழர்களின் நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. திருமண்டலத் தேர்தல் முடிந்து இவ்வளவு காலமாகியும் ஒருவரோடொருவர் முகங்கொடுத்துப் பேசாத குடும்பங்கள் நம் ஆலயத்திலும் வேறுவேறு வரிசைகளில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டாம் மாலையின் உரையை அவர்கள் அருகருகே அமர்ந்து கேட்க வேண்டும் என்பது என் ஜெபம். பெயர்களை எழுதப்போவதில்லை, அவரவருக்குத் தெரியும்.

உரைகளின் நீளத்தைக் குறித்தும் ஒரு சொல். 1223இல் மூன்றாம் ஹொனோரியுஸ் பாப்பரசர் உறுதிசெய்த ஒழுங்கின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிரசங்கம் சுருக்கமாக இருக்க வேண்டும் என்று பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். ஆகவே நாற்பது நிமிடங்களுக்குமேல் ஒருவரும் பேசுவதில்லை என்று முடிவுசெய்திருக்கிறோம். இதனால் மிகவும் மகிழ்ந்தவர் நம் கோயில்பிள்ளை.

இனி அடுப்படிக்கு வருகிறேன்.

பிரான்சிஸ் ஊர் ஊராக நடந்து பிரசங்கித்தவர். அதே அளவுக்கு மலைகளையும் குகைகளையும் தேடி ஒதுங்கியவர். அசிசிக்கு மேலே சுபாசியோ மலையின் காட்டுக்குள் இருக்கும் கார்செரி, ரியெத்திப் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள பொஜ்ஜோ புஸ்தோனே, ஃபோந்தே கொலோம்போ, கிரெச்சோ, தொஸ்கானாவின் லா வெர்னா ஆகிய இடங்கள் எல்லாம் அவர் நாள்கணக்கில் தங்கி ஜெபித்தவை. பயணிகள் இன்றும் அங்கே போய்வருகிறார்கள். இந்த ஒதுங்கிடங்களில் தங்குகிறவர்களுக்கென்று 1217க்கும் 1221க்கும் இடைப்பட்ட காலத்தில் அவர் ஒரு சிறிய ஒழுங்கை எழுதிவைத்தார். அச்சில் ஒரு பக்கத்தைக்கூட நிரப்பாது. தியான முகாம் நடத்துகிறவர்களுக்கு அதைவிடப் பயனுள்ள கையேட்டை நான் கண்டதில்லை.

அதன் ஏற்பாடு இது. ஒதுங்கிடத்தில் மூன்று பேர் இருக்கலாம். மிஞ்சினால் நான்கு பேர். அவர்களில் இருவர் தாய்மார், மற்றவர்கள் பிள்ளைகள். தாய்மார் மார்த்தாளின் வாழ்க்கையை மேற்கொள்ள வேண்டும். பிள்ளைகள் மரியாளின் வாழ்க்கையை. ஒரே வேலிக்குள் ஒவ்வொருவருக்கும் ஜெபிக்கவும் உறங்கவும் தனித்தனி இடம் உண்டு. ஜெபவேளைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. மௌனத்தின் வேளை முடிந்தபின் பிள்ளைகள் தங்கள் தாய்மாரிடம் போய்ப் பேசலாம்; பசித்தால் ஏழைப் பிள்ளைகளைப்போல அவர்களிடம் உணவு கேட்கலாம். வெளியிலிருந்து வருகிறவர்கள் பிள்ளைகளின் அமைதியைக் குலைக்காதபடி தாய்மார் காவலாயிருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் பின்னர் இறுதியாக ஓர் ஏற்பாடு வருகிறது. பிள்ளைகளாயிருக்கிறவர்கள் அவ்வப்போது தாய்மாரின் பொறுப்பை ஏற்று, முறை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிற்றொழுங்கின் புதுமை அந்த இறுதி ஏற்பாட்டில் இருக்கிறது. லூக்கா 10ஆம் அதிகாரத்தின் இரு சகோதரிகளையும் இரு வகை வாழ்க்கைக்கு அடையாளமாகக் கொள்வது பழங்காலத்திலிருந்தே திருச்சபையில் வழக்கம். உழைக்கும் வாழ்வு மார்த்தாள்; தியானிக்கும் வாழ்வு மரியாள். நடைமுறையில் அவை இரு வகை மனிதர்களாகவே மாறிவிட்டன. பிரான்சிஸின் காலத்துச் சிஸ்தர்சியன் மடங்களில் பாடகர் குழுவில் அமர்ந்து ஜெபித்த துறவியர் ஒரு சாரார். வயலிலும் களத்திலும் பாடுபட்ட பொதுநிலைச் சகோதரர்கள் இன்னொரு சாரார். உண்ணும் அறையும் உறங்கும் அறையும்கூட வேறுவேறு. பிரான்சிஸ் அந்த மதிலை எடுத்துப்போட்டார். வணிகர் வீட்டிலும் பிரபுக்கள் வீட்டிலும் பிறந்த ஆண்களைப் பார்த்து, நீங்கள் தாய்மார் என்று சொன்னார். கரண்டி பிடித்தறியாத கைகளில் கரண்டியைக் கொடுத்தார். பிறகு, அந்தக் கரண்டி எவர் கையிலும் நிலைத்துவிடாதபடி பார்த்துக்கொண்டார்.

நம்முடைய முகாம்கள் எப்படி நடக்கின்றன என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. முப்பது ஆண்டுகளாக எத்தனையோ ஊர்களில் எத்தனையோ முகாம்களில் பங்கேற்றிருக்கிறேன். அரங்கத்தில் மௌனம், அதற்குப் பின்புறத்தில் வெங்காயம் நறுக்கும் ஓசை. காலைத் தியானம் தொடங்கும்போது பெண்கள் ஐக்கியத்தின் சகோதரிகள் இட்லிப் பானையை இறக்கிக்கொண்டிருப்பார்கள். பிரசங்கி தம் செய்தியின் உச்சத்தை எட்டும்போது மதிய உணவுக்கு அரிசி வெந்துகொண்டிருக்கும். இறுதியில் நன்றியுரையின்போது அவர்களை முன்னே வரவழைத்துக் கைதட்டுவோம், பொன்னாடைகூடப் போர்த்துவோம். நம் சபையின் சகோதரி ஒருவர் பல ஆண்டுகளாக ஒரு முகாமும் தவறாமல் வருகிறவர். ஒரு செய்தியைக்கூட முதலிலிருந்து முடிவுவரை உட்கார்ந்து கேட்டதில்லை என்று குறையாகச் சொல்லாமல், சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

அவர் ஒருவராவது தம் வாயால் சொன்னார். பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள முற்றத்திலேயே நின்றுவிடும் இளம் தாய்மாரும், நாற்காலிகளை அடுக்கி, விளக்கணைத்து, கதவு பூட்டிக் கடைசியாய்ப் போகும் கோயில்பிள்ளையும் சொல்வதில்லை. ஊழியம் என்ற அழகான பெயரை இவர்களுடைய இடத்துக்குக் கொடுத்துவிட்டோம். அது ஊழியமே, மறுக்கவில்லை. எப்போதும் ஒரே கைகளுக்கு விதிக்கப்படும்போது அதை இன்னும் ஊழியம் என்று அழைக்கலாமா என்பதே என் தயக்கம்.

மார்த்தாளைக் குறித்து நாம் செய்கிற பிரசங்கங்களும் இதில் பங்காளிகள். அநேக வேலைகளைக் குறித்துக் கலங்கியதற்காக ஆண்டவர் அவளைத் திருத்தினார் என்பதோடு நிறுத்திவிட்டு, கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களை இன்னும் கொஞ்சம் குற்றவுணர்வோடு அடுப்படிக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். அன்றைய விருந்து என்னவாயிற்று? மரியாள் எழுந்துபோய் உதவினாளா? ஆண்டவரோடு வந்த சீஷர்களில் ஒருவராவது கலத்தைக் கழுவினாரா? லூக்கா சொல்லவில்லை. யோவான் 12ஆம் அதிகாரத்திலும் மார்த்தாள் பணிவிடை செய்துகொண்டேதான் இருக்கிறாள். பிரான்சிஸ் அந்த வேதபகுதிக்கு விளக்கவுரை எழுதவில்லை. முறைப்பட்டியல் ஒன்றை எழுதினார். நான் வாசித்த விளக்கவுரைகள் பலவற்றைக் காட்டிலும் அது அந்தப் பகுதிக்கு நெருக்கமாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இதில் ஒரு துயரமும் உண்டு; மூன்றாம் உரையில் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பிரான்சிஸ் மரித்து இருபது ஆண்டுகள் ஆவதற்குள்ளாகவே, அவருடைய சபையில் குருப்பட்டம் பெற்ற கற்றோர் தலைமைக்கு வந்தார்கள். பட்டமில்லாத சகோதரர்கள் பொறுப்புகளிலிருந்து விலக்கப்பட்டார்கள். எல்லோரும் இளைய சகோதரர் என்று தொடங்கிய கூட்டத்தில் மறுபடியும் இரு சாரார் தோன்றிவிட்டனர். ஏழ்மையைக் குறித்த சச்சரவும் முற்றி, 1318இல் மார்செய் நகரத்தில் கடுமையான ஏழ்மையை வலியுறுத்திய நான்கு சகோதரர்கள் எரிக்கப்பட்டார்கள். நல்ல ஒழுங்கு ஒன்று எழுதப்பட்டிருப்பதனால் மட்டும் அது காக்கப்படுவதில்லை. பட்டம் பெற்றவன் என்ற முறையில் இந்தப் பகுதியை நான் சற்று நெளிந்துகொண்டேதான் வாசிக்கிறேன்.

கிளாரா அம்மையாரை இங்கே நினைக்கிறேன். சான் தமியானோ மடத்தின் தலைவியாக அவர் நாற்பது ஆண்டுகளுக்கும் அதிகமாக வாழ்ந்தார், உயர்குடியில் பிறந்தவர். வெளியே அலைந்து பணிசெய்து திரும்பும் சகோதரிகளின் கால்களை அவரே கழுவுவது வழக்கம். ஒருமுறை, தலைவி தன் காலைத் தொடுவதா என்று கூசிய ஒரு சகோதரி வெடுக்கென்று காலை இழுக்க, அது கிளாராவின் வாயில் பட்டுவிட்டது. கிளாரா அமைதியாக அந்தக் காலை மறுபடியும் பிடித்து உள்ளங்காலில் முத்தமிட்டாராம். பெண்களுக்கென்று ஒரு பெண்ணே எழுதி, பாப்பரசரின் அங்கீகாரம் பெற்ற முதல் துறவற ஒழுங்கு இந்த அம்மையாருடையது. 1253இல், அவர் மரிப்பதற்கு இரண்டே நாள் முன்பாக அது உறுதிசெய்யப்பட்டது. கால்கழுவியவர் தலைவி, கழுவப்பட்டவர் பணியாளர் என்னும் வரிசையைக் கவனியுங்கள். பெரிய வியாழனன்று நாம் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும்போது யாரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

பிரான்சிஸ் உணவை அற்பமாகக் கருதினார் என்று நினைத்துவிடக்கூடாது. ஓர் இரவில் சகோதரர் ஒருவர் பசியினால் சாகிறேன் என்று அலறியபோது, பிரான்சிஸ் எல்லோரையும் எழுப்பி மேசையை ஆயத்தப்படுத்தச் சொன்னார். அந்தச் சகோதரர் தனியே உண்ண வெட்கப்படுவாரே என்று தாமும் உட்கார்ந்து உண்டார். மற்றவர்களையும் உண்ணச் சொன்னார். கடும் உபவாசிகள் நிறைந்த ஒரு கூட்டத்தில் நடந்தது இது. மரணப்படுக்கையில் கிடந்தபோதோ, ரோமாபுரியில் வாழ்ந்த ஜாகோபா என்னும் விதவைச் சீமாட்டி தமக்கு முன்பு செய்துகொடுத்த வாதுமைப் பலகாரத்தை நினைத்து, அதைக் கொண்டுவரும்படி சொல்லியனுப்ப விரும்பினார். கடிதம் புறப்படுமுன் அந்த அம்மையாரே அதற்கு வேண்டியவற்றோடு வந்து நின்றார். பிரான்சிஸால் சிறிதளவே உண்ண முடிந்தது. ஒரு மகா துறவியின் கடைசி நாள்களில் ஒரு பெண்ணின் கைப்பக்குவம் இடம்பெற்றிருப்பது எனக்கு மிகுந்த ஆறுதல் தருகிறது.

சரி, சமையலை வெளியே கொடுத்துவிடலாமே என்று கமிட்டியில் ஒருவர் யோசனை சொன்னார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் பரிமாற வரும் பையன்களும், பாத்திரம் கழுவ வரும் முதியவளும் யார்? மார்த்தாளை நாம் விடுதலையாக்கவில்லை. கூலிக்கு வேறொரு மார்த்தாளைக் கொண்டுவந்து, அவளுடைய பெயரையும் கேளாமல் இருந்துவிட்டோம். செலவும் கூடும். செலவு கூடினால் கட்டணம் கூடும். அப்போது முகாமுக்கு வராமல் போகிறவர்கள், பிரான்சிஸ் யாரைத் தேடி மலையிலிருந்து இறங்கினாரோ அவர்களுக்கு உறவானவர்களாகவே இருப்பார்கள்.

ஆண்களுக்குச் சமைக்கத் தெரியாது என்பது இன்னொரு வாதம். அசனப் பண்டிகைக்கு முந்தின இரவில் இந்த வாதம் எங்கே போய்விடுகிறது? விடிய விடியக் காய்கறி நறுக்குவதும், வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அண்டாவைக் கிளறுவதும், ஆயிரம் பேருக்கு உப்பு சரிபார்ப்பதும் நம் ஆண்கள்தாம். ஆண்டுக்கொருமுறை அடுப்பு திருவிழாவாக எரியும்போது வருகிற கைகள், நாள்தோறும் எரியும் சாதாரண அடுப்பினண்டை வருவதில்லை, அவ்வளவே.

எனவே முகாமை இப்படி ஒழுங்குசெய்திருக்கிறோம். வருகிறவர்கள் நான்கு கூட்டமாகப் பிரிவார்கள். ஒவ்வொரு அரைநாளும் ஒரு கூட்டம் தாய்மார். மற்ற மூன்றும் பிள்ளைகள். ஆண், பெண், முதியோர், இளைஞர் எல்லாக் கூட்டத்திலும் கலந்திருப்பார்கள். தாய்மாராயிருக்கிறவர்கள் சமைப்பார்கள், பரிமாறுவார்கள், கழுவுவார்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார்கள். மற்றவர்களின் கைபேசிகளும் அவர்களிடத்தில்தான் இருக்கும். அவசர அழைப்பு வந்தால் அவர்களே எடுத்துப் பேசி, தேவையானால் மாத்திரம் உரியவரைக் கூப்பிடுவார்கள். வெளியாரிடமிருந்து பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்று பிரான்சிஸ் எழுதிய பகுதிக்கு நம் காலத்தில் இதைவிட நேரான பொருள் எனக்குத் தெரியவில்லை. உணவு எளியது: காலையில் உப்புமா, பகலில் கஞ்சியும் துவையலும், இரவில் சோறும் ஒரு குழம்பும். பிரியாணி இல்லை என்பதை இளைஞர் ஐக்கியத்துக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். கட்டணமும் இல்லை. இயன்றவர்கள் அரிசியோ பருப்போ காய்கறியோ கொண்டுவரலாம்; ஒன்றும் கொண்டுவர இயலாதவர்களும் அதே பந்தியில்தான் உட்காருவார்கள்.

பெண்கள் ஐக்கியத்தின் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் முறை அல்லாத வேளையில் அடுப்படிப் பக்கம் வரவேண்டாம். குழம்பில் புளி கூடிப்போகும், சோறு குழையும். எட்டிப்பார்த்துத் திருத்த உங்கள் கைகள் பதைக்கும். தயவுசெய்து உட்கார்ந்திருங்கள். மரியாளின் இடத்தில் உட்காருவதற்கும் பழக்கம் தேவைப்படுகிறது. இத்தனை ஆண்டுகளாக அந்தப் பழக்கத்தை நாங்கள் உங்களுக்குத் தரவில்லை.

இரண்டாம் நாள் மாலையில் முகாம் ஆலயத்தில் நிறைவுபெறாது. ஜெபத்திலேயே தங்கிவிடுவதா, ஊர்களுக்குப் போய்ப் பிரசங்கிப்பதா என்று பிரான்சிஸ் ஒரு காலத்தில் கலங்கி, கிளாராவிடமும் சில்வெஸ்தர் என்னும் சகோதரரிடமும் ஆலோசனை கேட்டனுப்பினார். போ என்றே இருவரிடமிருந்தும் மறுமொழி வந்தது. நாமும் போகலாம். நம் ஊர் எல்லையில் இருக்கும் முதியோர் இல்லத்தில் அன்றிரவு உணவு நம்முடையது. அங்கே நாம் பாடவேண்டியதில்லை, பேசவேண்டியதில்லை. பரிமாறிவிட்டு அவர்களோடு உட்கார்ந்து உண்டால் போதும்.

முறைப்பட்டியல் பாதிரியார் அறையின் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. முதல் நாள் காலைச் சமையலில் என் பெயரை எழுதியிருக்கிறேன். என் உப்புமாவைக் குறித்து என் துணைவியாருக்குச் சில ஐயங்கள் இருப்பதாகத் தெரிகிறது. ஆயினும் அந்த வேளையில் அவர் முன்வரிசையில் அமர்ந்து தியானத்தில் இருக்க இசைந்திருக்கிறார். இரண்டாம் நாள் மதியம் பாத்திரம் துலக்குவதற்கு இன்னும் நான்கு பேர் தேவைப்படுகிறார்கள். பேனா கதவிலேயே கயிற்றில் கட்டித் தொங்குகிறது.